‘மிதம்’ என்றால் எவ்வளவு?

பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் எனக்குச் சந்தேகம் தரும் சொல் ஒன்று உண்டு. அது ‘மிதம்’. ‘சுலபம்’ என்று போட்டிருந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம். ‘மிகக் கடினம்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு லங்காவி கடற்கரைக்குப் போய்விடலாம். நடுவில் நிற்கும் ‘மிதம்’தான் ஆளை இழுக்கும். தன்னைப் பற்றி எல்லாரும் வைத்திருக்கும் கணிப்பும் அதுதானே?

கடந்த ஆண்டு என் கைக்கு வந்த ஒரு விளம்பரத் தாளில் மூன்று மலைகள் ஒரே வரிசையில் இருந்தன. சபாவின் கினாபாலு, லோம்போக் தீவின் ரிஞ்சானி, நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாம். மூன்றுக்கும் ஐந்து காலணிப் படங்கள். மூன்றுக்கும் அவற்றில் மூன்றுக்கு மட்டும் வண்ணம். அதாவது மூன்றும் மிதம். முதலாவது இரண்டு நாளில் முடிந்துவிடும், உச்சி 4,095 மீட்டர். இரண்டாவது 3,726 மீட்டர், கடைசிச் சரிவு முழுக்க எரிமலை மணலும் சரளையும். ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கும். மூன்றாவதுக்கு 12 நாளாவது நடக்க வேண்டும், போய்ச் சேரும் இடம் 5,364 மீட்டர். இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டவர் மலைக்குப் போனவரா, அச்சகத்துக்குப் போனவரா என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் இருந்த பையனிடம் கேட்டேன். “மிதம்னா என்னங்க அர்த்தம்?”

“ஜிம்முக்குப் போறவங்கன்னா ஓகேக்கா.”

வானொலியில் வார இறுதிக் காலை நிகழ்ச்சி செய்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்கும்போது மலையேற்றம் என்று வாயைத் திறந்தால் போதும், தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். வங்கியில் வேலை செய்யும் இளைஞர், இரண்டு பிள்ளைகளின் தாய், ஓய்வு பெற்ற ஆசிரியர். கேள்வி மட்டும் ஒன்றுதான். “எங்களால முடியுமா?” கடந்த ஆண்டு அதே கேள்வியை என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. அறிவித்தார்.

அப்பாவுக்கு 63 வயது. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நூறு ரிங்கிட் தாளின் பின்பக்கத்தில் கினாபாலு மலை இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். அதை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். “இந்த மலைய மத்தவங்க கையில குடுத்தே பழகிட்டேன். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துடறேன்.”

“அப்பா, இது சாதாரண மலை இல்லப்பா.”

“ஏம்மா, மிதம்னுதானே போட்டிருக்கான்? பதினோரு வருஷம் பத்துமலையில காவடி எடுத்தவன் நான்.”

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னார்: “எடுத்தது இருபது வருஷத்துக்கு முன்னால. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க.”

அப்படித்தான் இந்தத் தரவரிசை விவகாரத்தை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பயண நிறுவனங்கள் போடும் இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் போடும் 3 இன்னொருவருக்கு 4. மலையேறுவோரின் சங்கங்கள் வைத்திருக்கும் அளவுகோல்கள் வேறு. அவை ஓரளவு கறாரானவை. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் நடைபாதைகளை டி1 முதல் டி6 வரை பிரிக்கிறது. டி1 என்றால் நன்றாகப் போட்ட பாதை, மஞ்சள் அடையாளம். டி2, டி3 என்றால் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு. டி4-க்கு மேல் வெள்ளை-நீலம்-வெள்ளை. அங்கே கையையும் பயன்படுத்த வேண்டிவரும், கால் தவறினால் விழ இடம் இருக்கிறது. அமெரிக்காவில் யோசெமிட்டி முறை என்று ஒன்று. முதல் வகுப்பு நடை. மூன்றாவதில் கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும். ஐந்தாவது கயிறு கட்டி ஏறும் பாறை.

பிரெஞ்சுக்காரர்களின் முறைதான் எனக்கு வேடிக்கை. அதில் முதல் படி ‘சுலபம்’, இரண்டாவது ‘கொஞ்சம் கடினம்’. பெயரைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை உலா மாதிரி இருக்கும். ஆனால் அது பனியாறும் பாறையும் உள்ள உயர்மலைக்கான அளவுகோல். அதன் ‘சுலபம்’ என்பதிலேயே காலணியில் ஆணிச்சட்டம் மாட்டி, கையில் பனிக்கோடரி வைத்திருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் சொல் ஒன்று, மலை வேறு.

நேபாளத்திலும் இப்படி ஒரு சொல் பொறி உண்டு. ‘டிரெக்கிங் பீக்’ என்று ஒரு வகை. டிரெக்கிங் என்றால் நடைதானே என்று நினைக்கத் தோன்றும். மேரா பீக் அந்த வகையில் சேர்ந்தது. அதன் உயரம் 6,476 மீட்டர். பனியாற்றில் கயிறு கட்டித்தான் போக வேண்டும். செங்குத்தாக ஏற வேண்டிய இடங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு விடுவதே தனி வேலை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டி1, டி2 போன்ற அளவுகோல்கள் எல்லாம் தரையை அளக்கின்றன. பாதை எப்படி, பாறை எப்படி, விழுந்தால் என்ன ஆகும் என்று. எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் தூங்க வேண்டும், எத்தனை கிலோ சுமக்க வேண்டும், வழியில் முடியவில்லை என்றால் எப்படித் திரும்புவது என்பதெல்லாம் அவற்றில் இல்லை. விளம்பரத் தாளோ எல்லாவற்றையும் கலக்கி ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. குழம்பில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று கேட்டால் ‘ருசி மூன்று’ என்று சொல்வது மாதிரி.

அதனால் அந்த எண்ணை மறந்துவிட்டு, கினாபாலுவை நாங்களே பிரித்துப் பார்த்தோம். நான், அப்பா, தம்பி மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து.

தூரம் அதிகமில்லை. திம்போஹோன் வாயிலிலிருந்து உச்சி வரை ஒன்பது கிலோமீட்டருக்குள். தம்பி அதைப் பார்த்ததும் சிரித்தான். வாரத்துக்கு மூன்று நாள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன். பிரச்சினை படுக்கை வசத்தில் இல்லை, செங்குத்தில். வாயில் இருப்பது 1,866 மீட்டரில். முதல் நாள் தங்கும் பானாலாபான் 3,272 மீட்டரில். ஆறு கிலோமீட்டருக்குள் 1,406 மீட்டர் ஏற்றம்.

1,406 என்றால் அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவருக்குத் தெரிந்த கணக்கில் போட்டுக் காட்டினேன். பத்துமலையில் 272 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால், கீழிருந்து மேலே ஏறினால் சுமார் 41 மீட்டர். முதல் நாள் மட்டும் பத்துமலையை 34 தடவை ஏற வேண்டும், நடுவில் இறங்காமல். மறுநாள் விடிவதற்கு முன் இன்னும் 20 தடவை. பிறகு அந்த 54-ஐயும் அதே நாளில் இறங்க வேண்டும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “காவடி இல்லாமத்தானே?” என்றார்.

1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு வகுத்தார். இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பானாலாபானுக்கு மூன்றரை மணி நேரம்தான் வருகிறது. நடைமுறையில் நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பாதையில் பாதி, உயரமான மரப்படிகளும் கற்படிகளும். அதற்கு மேல் காற்றின் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் நம் குடும்பங்கள் அதிகம் கவனிப்பதில்லை. கடல் மட்டத்தில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் பானாலாபானில் கிடைக்கும். உச்சியில் சுமார் 60 விழுக்காடு. எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறக்குறைய பாதி. 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கு வேண்டுமானாலும் மலைநோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். இதில் முக்கியமானது, உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கு வரும். அவருக்குப் பின்னால் மெதுவாக வந்த மாமிக்கு வராமல் இருக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அறிவுரை. எவரெஸ்ட் அடிவாரத்துக்கு 12 நாள் ஆவது அதனால்தான். நாம்சேயில் ஒரு நாள் சும்மா இருக்கச் சொல்வது நம்மை ஊர் சுற்ற விடுவதற்காக இல்லை.

கினாபாலுவில் என்ன செய்கிறோம்? கோத்தா கினாபாலுவில் கடலோரம் மீன் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் இரவு 3,272 மீட்டரில் தூங்குகிறோம். பாதை நன்றாக இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, மேலே சூடான சாப்பாடு இருக்கிறது. தரையை மட்டும் பார்த்தால் மிதம் என்பது நியாயமே. காற்றைப் பார்த்தால் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்து மலைகளிலும் இந்தப் பிரிப்பு உதவும். பகாங், கிளந்தான் எல்லையில் இருக்கும் தாஹான் மலை 2,187 மீட்டர்தான், கினாபாலுவில் பாதி சொச்சம். ஆனால் கோலா தாஹான் வழியாகப் போனால் ஒரு வாரம் காட்டில் இருக்க வேண்டும். சாப்பாடும் கூடாரமும் முதுகில். ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். மூன்றாம் நாள் கணுக்கால் சுளுக்கினால் வண்டி வராது. இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால் தாஹான் என்பேன். உயரத்தை மட்டும் பார்க்கிறவர் கினாபாலு என்பார். நெகிரி செம்பிலானின் டத்தோ மலை 884 மீட்டர். குறுகிய ஏற்றம்தான், ஆனால் உச்சிப் பாறையில் இரும்பு ஏணிகள். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கு அந்தக் கடைசிச் சில நிமிடம்தான் மலையே.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அங்கே இருக்கும் மிக உயரமான புக்கிட் தீமா 164 மீட்டரைத் தொடவில்லை. என் தோழி ஒருத்தி அன்னபூர்ணாவுக்குப் போவதற்கு முன் நான்கு மாதம் தன் வீவக அடுக்குமாடியில் படி ஏறி இறங்கினாள், முதுகில் அரிசி மூட்டையோடு. அக்கம்பக்கத்தார் முதலில் மின்தூக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டார்களாம்.

நாங்கள் பயிற்சியை அங்சி மலையில் தொடங்கினோம். 825 மீட்டர், அரை நாள் வேலை. வார நாட்களில் விடியற்காலை பத்துமலை. நான் நிகழ்ச்சி இல்லாத நாட்களில் அப்பாவோடு போவேன். அங்கே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஏறிக்கொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பது உடற்பயிற்சி ஆசிரியர்கள் சொல்லும் பழைய முறை. முழு வாக்கியம் வந்தால் இதே வேகத்தில் பல மணி நேரம் போகலாம். ஒவ்வொரு சொல்லாக வந்தால் வேகம் அதிகம். நான் தினமும் சொல்கிற வரி ஒன்று இருக்கிறது. “நேரம் இப்போது காலை ஆறு மணி பதினைந்து நிமிடம், தொடர்ந்து இணைந்திருங்கள்.” அதை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று படிக்குப் படி பார்ப்பேன். அப்பா அவர் பங்குக்குக் கந்தனிடம் பேசிக்கொண்டே வருவார். பாதிப் படியில் பேச்சு நின்றால் நானும் நிற்பேன்.

உண்மையான தேர்வு நுவாங் மலை. சிலாங்கூரின் மிக உயரமான மலை, 1,493 மீட்டர். பங்சூனிலிருந்து ஏறினால் முதல் சில கிலோமீட்டர் அகலமான மண்பாதை முடியவே முடியாது. அதன் பிறகுதான் மலை தொடங்கும். லோலோ முகாம், பாச்சாட் முகாம். பாச்சாட் என்றால் மலாயில் அட்டை, பெயருக்கேற்ற இடம். போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். நுவாங்கை உச்சி வரை முடித்துவிட்டு மறுநாள் எழுந்து நடக்க முடிந்தவர், கால் பலத்தைப் பொறுத்தவரை கினாபாலுவுக்குத் தயார் என்பது இங்குள்ள மலையேறிகள் பலரின் அளவுகோல். எந்தக் காலணிப் படத்தையும்விட இதை நான் நம்புவேன். நமக்குத் தெரிந்த உடம்பை, நமக்குத் தெரிந்த மலையில் வைத்து அளப்பது அல்லவா?

மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முன்கூட்டியே பேசியிருந்தோம். ஒரு மணிக்கு அப்பா பாச்சாட் முகாமில் இருந்தார். தம்பி, “இன்னும் கொஞ்சம்தான்” என்றான். அப்பாவும் அதையே சொன்னார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். திரும்பும் வழியில் இருவரும் என்னிடம் பேசவில்லை. அன்று காரை எட்டும்போது நன்றாக இருட்டிவிட்டது.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். அதே ஒரு மணிக்கு அவர் அதே முகாமைத் தாண்டி ஐந்து நிமிடம்தான் போயிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு. மருத்துவரைப் பார்த்தோம். அவர் இருதயப் பரிசோதனை செய்தார். மலையில் பசி குறையும் என்பதால் நீரிழிவு மாத்திரை வேளைகளை மாற்றி எழுதினார். குளிரில் சர்க்கரை அளக்கும் கருவி சரியாக வேலை செய்யாமல் போகலாம், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகம் என்பதால் இந்தப் பத்தி நிறைய வீடுகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லை. “மெதுவாகப் போங்கள், அறிகுறி வந்தால் மேலே போகாதீர்கள்” என்றார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். “அப்பா, பானாலாபான் வரைக்கும் போலாம். அதுக்கு மேல நானும் தம்பியும். உங்க மலை 3,272.”

“அப்ப நான் கினாபாலு ஏறலன்னு ஆயிடும்.”

“நம்ம நாட்டுல அந்த உயரத்துக்குப் போனவங்க எத்தன பேருப்பா?”

“அது பேச்சும்மா. உனக்குப் பேசறதுதான் வேல.”

இரண்டு நாள் வீட்டில் அப்பா மௌனம். மூன்றாம் நாள் பத்துமலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “கம்போட என்ன விலை வருது?” என்று கேட்டார். நடைக்கம்பைத்தான் கேட்டார். ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு செலவை மட்டும் கூடுதலாகச் செய்தோம். கினாபாலுவில் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. மலிம் குனோங் என்பார்கள். எங்கள் மூவருக்கு ஒருவர் போதும். இரண்டு பேரை எடுத்தோம். ஒருவர் திரும்ப வேண்டிவந்தால் மற்றவர்களும் திரும்பும்படி ஆகக்கூடாது. இன்னொன்று, பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்துகள். பல காப்புறுதிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல், அல்லது கயிறு பிடித்து ஏறும் இடத்தில், பாதுகாப்பு கிடையாது. தொலைபேசியில் கேட்டு எழுத்தில் வாங்கினோம்.

மலையில் முதல் நாள் நன்றாகவே போனது. வாயிலைத் தாண்டியதும் பாதை கீழே இறங்குகிறது, கார்சன் அருவி வரை. ஏற வந்த இடத்தில் இறங்குகிறோமே என்று அப்பாவுக்கு மகிழ்ச்சி. திரும்பும்போது இதையே ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் துணையாக வந்த வழிகாட்டி டூசுன் இனத்தவர், மலையடிவாரக் கிராமத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவரும் அப்பாவும் மலாயில் லோரி, ரப்பர், பிள்ளைகள் கல்யாணம் என்று பேசிக்கொண்டே ஏறினார்கள். “பெலான்-பெலான், பக்சிக்,” மெதுவாக, மெதுவாக என்பதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். அவர்கள் மக்களுக்கு இது முன்னோர்களின் ஆவிகள் தங்கும் மலை. சத்தம் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. எனக்கும் தம்பிக்கும்தான் விளக்க வேண்டியிருந்தது.

தம்பி நான்கு மணி நேரத்தில் மேலே போய்விட்டான். நானும் அப்பாவும் ஏழரை மணி நேரம். மாலையில் மேகத்துக்கு மேலே நின்று, ரசம் மாதிரி ஏதோ ஒரு சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, அப்பா சொன்னார்: “எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. ராத்திரி நானும் வரேன்.”

இதற்கு நான் தயாராக இல்லை. அவர் முகத்தில் களைப்பே தெரியவில்லை. பேச்சில் மூச்சு வாங்கவில்லை. என்னுடைய சோதனையில் அவர் தேறிவிட்டார். வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்குப் பார்க்கலாம் என்றார்.

இரண்டு மணிக்குத் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாந்தி எடுத்தான். பத்து கிலோமீட்டர் ஓடுகிற தம்பி. அப்பாவுக்கும் தலைவலி இருந்தது. ஆனால் லேசாக. வழிகாட்டி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து கேள்வி கேட்டார், விரல்களைப் பார்த்தார், “இவர் வேண்டாம்” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“நான் பையனோட இருக்கேன். நீ போம்மா.”

இரண்டு வழிகாட்டிகள் இருந்ததால் நான் போக முடிந்தது.

மேலே போகும் வழியில் மரம் இல்லை. கருங்கல் சரிவு, இருட்டு, நெற்றி விளக்கு, வெள்ளைக் கயிறு. சாயாட்-சாயாட் என்ற இடத்தில் கழுத்தில் மாட்டிய அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிவு செய்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராதவர்களை அங்கிருந்தே திருப்பி அனுப்புவார்கள். மழை பலமாக இருந்தால் பானாலாபானை விட்டே யாரையும் விடமாட்டார்கள். சாயாட்-சாயாட்டைத் தாண்டியதும் என் வரியைச் சொல்லிப் பார்த்தேன். “நேரம் இப்போது” என்பதோடு மூச்சு தீர்ந்துவிட்டது. ‘காலை’ அடுத்த மூச்சில்.

இந்தச் சரிவில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 ஜூன் 5 காலையில் இங்கே நிலநடுக்கம் வந்தது. 18 பேர் இறந்தார்கள். அவர்களில் உள்ளூர் வழிகாட்டிகளும், சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். பயிற்சி எடுத்து, விதிகளைப் பின்பற்றி வந்தவர்கள். கடினம் என்பது ஒன்று, ஆபத்து என்பது இன்னொன்று. எந்தத் தரவரிசையும் முதலாவதைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் என் வழிகாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார். நானும் கழற்றினேன்.

உச்சியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. சூரியன் வந்தது, படம் எடுத்தேன், விரல் மரத்துப்போனது, பத்து நிமிடத்தில் இறங்கினேன்.

இறக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தரவரிசை போடுகிறவர்கள் மறந்துவிடும் பாதி அது. ஏறும்போது வேலை செய்வது நெஞ்சு. இறங்கும்போது தொடையும் முட்டியும். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். மறுநாள் வரும் வலி பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. உச்சிக்குப் போனவருக்கு அன்று மட்டும் 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். கீழே வர வர தம்பிக்குத் தலைவலி போய்விட்டது. மலைநோய்க்கு இறங்குவதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் நாலாவது கிலோமீட்டர் வாக்கில் அவன் முட்டி தகராறு செய்தது. ஓட்டத்தில் எப்போதும் சமதரை. அப்பா இரண்டு கம்புகளையும் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டாகக் கால் வைத்து, பாரம் ஏற்றிய லோரியைப் பாதாங் காலி இறக்கத்தில் கொண்டுவருகிற மாதிரி, ஒரே வேகத்தில் இறங்கினார். உச்சிக்குப் போகாததால் அவருக்கு இறக்கம் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைத் தம்பிதான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கார்சன் அருவியைத் தாண்டி அந்தக் கடைசி ஏற்றம் வந்தபோது அப்பா நின்று என்னைப் பார்த்தார். “இது இருக்கிறது உனக்கு நேத்தே தெரியும்ல?” என்றார்.

வீட்டில் அம்மா கேட்டார். “உச்சிக்குப் போனீங்களா?” அப்பா பேத்தியின் பள்ளி அட்லஸை எடுத்து, பானாலாபான் எங்கே என்று விரலால் தேடினார். அந்த அட்லஸில் அது இல்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 3,272 என்று எழுதினார். பிள்ளைக்கு மறுநாள் பள்ளியில் கேள்வி வந்ததாம்.

இப்போது கேமரன் மலையில் இருக்கும் இராவ் பேச்சு ஓடுகிறது. 2,110 மீட்டர். உயரத்தால் பெரிய தொல்லை இருக்காது, தூரமும் குறைவு. ஆனால் பாசி படர்ந்த வேர்களும், கால் புதையும் சேறும். மழைக்குப் பின் போனால் கணுக்கால் வரை என்பது முழங்கால் வரை ஆகும். பயண நிறுவனத்தின் தாளைப் பார்க்கச் சொன்னேன். அப்பா பார்க்கவில்லை. நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். எங்கே தூங்குவோம், எவ்வளவு ஏற்றம், தரை எப்படி, ஒரு மணிக்கு எங்கே இருக்க வேண்டும். பதில் வாங்கிக் கொடு என்றார்.

மலிம் குனோங்குகள் போட்டிருந்த கறுப்பு ரப்பர் காலணி, கம்போங் அடிடாஸ் என்று கடையில் கேட்டால் கிடைக்கும், அதில் இரண்டு ஜோடி ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று அவருக்கு. இன்னொன்று அளவு சிறியது. அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.